அறுவை அரங்கின் ஷார்ட்கட்

போன மாதம், நான் வேலை பார்த்த மருத்துவமனையில் எல்லாக் கணினிகளின் முகப்புத் திரைகளையும் துடைத்துவிட்டார்கள். நோயாளியின் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து விவரம் எல்லாம் இனி ஒரே இணையப் பக்கத்தில் வந்துவிடுமாம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பிரேமா தொலைபேசியில் சொன்னாள்.

"அக்கா, இப்ப ஒரு ஷார்ட்கட் கூட இல்ல. வெள்ளையடிச்ச சுவரு மாதிரி இருக்கு. நீங்க வந்து பாத்தியன்னா நம்ம ஆஸ்பத்திரின்னே சொல்ல மாட்டிய."

நல்லதுதானே என்றேன். அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"அந்த ஆபரேஷன் தியேட்டர் விசயத்த நீங்க எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்க்கா. புதுசா வந்தவங்க ஆளுக்கொரு கத சொல்லுதாங்க. சிஸ்டர் கைய வச்சு எதையோ மாத்திட்டாங்க, அதான் அப்படி ஆச்சுன்னு ஒருத்தரு நேத்து கேண்டீன்ல சொல்லுதாரு."

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த சிஸ்டர் எதையும் மாற்றவில்லை. எனக்கு அது நேரில் தெரியும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆழ்வார்குறிச்சியில் பள்ளிப் படிப்பு, பிறகு திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடி அறையில் கணினிப் பயிற்சி. ஆறு பேருக்கு ஒரு கணினி. விரல் வைக்கும் முறை வந்தால் ஏதோ பெரிய வித்தை வந்தது போல நினைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவு தொடங்கியபோது டைப் அடிக்கத்தான் என்னை எடுத்தார்கள். செங்கோட்டை ரயிலில் காலையில் வந்து மாலையில் திரும்புவேன். திருமணத்துக்குப் பிறகு ஊரே பாளையங்கோட்டை என்றாகிவிட்டது. டைப் அடிக்க வந்தவள் பிரிண்டருக்குக் காகிதம் மாட்டினேன், பிறகு வயர் இழுத்தேன், பிறகு சர்வர் அறையின் சாவி என் கைக்கு வந்தது.

எங்கள் பிரிவின் தலைவர் செல்லத்துரை சார். ஒல்லியான மனிதர், முழுக்கை வெள்ளைச் சட்டை. பழுது என்று அழைத்தால் வருவார். ஆனால் கணினியைத் தொடமாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். "என்ன செஞ்சியளோ அதயே இன்னொருக்கா செய்ங்க, பைய. நான் பாக்குதேன்" என்பார். எதிரில் இருப்பவர் பெரிய டாக்டராக இருந்தாலும் அதே சொல், அதே குரல். பாதிப் பழுது அந்த இரண்டாம் முறையிலேயே சரியாகிவிடும். மீதிக்குத்தான் நாங்கள்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். உடைந்த ஷார்ட்கட்டை யாராவது பார்த்த மாத்திரத்தில் அழித்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது.

ஷார்ட்கட் என்பது திரையில் தெரியும் சிறு படம். அதன் இடது மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை இரண்டு முறை தட்டினால் கோப்பு திறப்பதால் அதுதான் கோப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பதோ ஒரு முகவரி மட்டும். எந்தக் கணினியில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் கோப்பு இருக்கிறது என்ற விவரம், அவ்வளவுதான். எங்கள் குழந்தை மருத்துவர் ஒருவர் மதுரையில் பேசப் போனபோது ஷார்ட்கட்டை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மேடைக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டு, "யம்மா, திறக்க மாட்டேங்குது, கோப்பு எங்கன்னு கேக்குது" என்றார். கோப்பு அவருடைய மேசைக் கணினியிலேயே பத்திரமாக இருந்தது. மின்னஞ்சலில் அனுப்பி வைத்தேன்.

இன்னொரு முறை பயிற்சி மருத்துவப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். வெளியில் ஏதோ கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பென் டிரைவில் இருந்த ஆய்வேடு முழுக்க ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. எதைத் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை. கூட வந்தவன் அதைச் சுத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறான். செல்லத்துரை சார் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு, "அழிக்காதீங்கம்மா. அது எங்க போகச் சொல்லுதுன்னு முதல்ல வாசிங்க" என்றார். மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்டீஸ் என்ற விவரப் பக்கத்தைத் திறந்து, டார்கெட் என்ற வரியை அவளே வாசித்தாள். அது ஆய்வேட்டுக்குப் போகவில்லை, ஒரு வைரஸ் கோப்புக்குப் போனது. அந்த வைரஸ் உண்மையான ஃபோல்டர்களைக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டு, அதே பெயர்களில் போலி ஷார்ட்கட்டுகளை வைத்திருந்தது. வைரஸை எடுத்துவிட்டு, மறைந்திருந்தவற்றை வெளியே கொண்டுவந்தோம். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அழித்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

உடைந்த ஷார்ட்கட்டை அழிக்காமல், பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்று செய்வதுதான் எங்கள் பிரிவின் வழக்கம். பழையது எங்கே போனது என்று பிறகு பார்க்க வேண்டி வரலாம் என்பார் சார்.

இனி தியேட்டர் விஷயம்.

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் எல்லாம் சர்வர் என்ற ஒரு பொதுக் கணினியில், ஒரே பெரிய ஃபோல்டரில் இருந்தன. அதற்குள் நோயாளி எண் வாரியாகச் சிறு ஃபோல்டர்கள். வார்டு, புறநோயாளி அறை, அறுவை அரங்கு என்று எல்லாக் கணினிகளிலும் அந்தப் பெரிய ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் இருக்கும். சர்வர் பழையதாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களைப் புதிய சர்வருக்கு நகலெடுத்தோம். பழைய சர்வரையும் உடனே அணைக்காமல், ஏதாவது விடுபட்டிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சில நாள் ஓடவிட்டோம். ஆனால் யாரும் தவறிப்போய் அதைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, அதிலிருந்த ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் 'ஓல்டு' என்று சேர்த்தோம். பெயர் மாறினால் ஷார்ட்கட்டால் கண்டுபிடிக்க முடியாது, திறக்காது, உடனே நம்மைக் கூப்பிடுவார்கள் என்பது எங்கள் கணக்கு.

எல்லாக் கணினிகளிலும் அன்றே ஷார்ட்கட்டைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். அறுவை அரங்கில் மட்டும் முடியவில்லை. கிருமி நீக்கத்துக்காக மருந்துப் புகை போட்டு மூடியிருந்தார்கள். அரங்கு திறந்ததும் அவர்களே கூப்பிடுவார்கள் என்று விட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை அரங்கிலிருந்து கூப்பிட்டார்கள். ஆனால் திறக்கவில்லை என்று சொல்ல அல்ல.

பேசியவர் சிறுநீரக அறுவை மருத்துவர் கோமதிநாயகம். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்றும் நிதானமாகத்தான் பேசினார்.

"யம்மா, பேஷண்டுக்கு மயக்கம் குடுத்தாச்சு. ஸ்கேன்ல கல்லு இடது கிட்னில தெரியுது. கேஸ் ஷீட்டுல வலதுன்னு இருக்கு, நானே உடம்புல வலதுலதான் அடையாளம் போட்டிருக்கேன். நான் கத்திய எடுக்கல. நீங்க கொஞ்சம் வாங்க."

நோயாளியின் பெயர் சூசை. உவரியில் படகில் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் இடப்பக்கக் கல்லை எங்கள் மருத்துவமனையில்தான் எடுத்தார்கள். இப்போது வலப்பக்கம். இந்தக் கதை எனக்கு அப்போது தெரியாது. ஒரு ஆள் மயக்கத்தில் கிடக்கிறார், படம் ஒன்று சொல்கிறது, எழுத்து ஒன்று சொல்கிறது என்பது மட்டும்தான் தெரியும். செல்லத்துரை சாரிடம் சொன்னேன். அவர், "நீ அங்கன போ. நான் இங்கன புது சர்வர்ல பாக்குதேன். போன வைக்காத" என்றார்.

செருப்பை மாற்றி, பச்சை அங்கி, தொப்பி, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அத்தனை வருடத்தில் அறுவை நடக்கும் வேளையில் உள்ளே போனது அதுவே முதல் முறை. குளிராக இருந்தது. மேசையில் துணி போர்த்திக் கிடந்தவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. உப்பில் ஊறி வெடித்த பாதங்கள். மயக்க மருத்துவர் கருவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அவரு நல்லாருக்காரு. அவசரப்படாம பாருங்க" என்றார். கணினிப் பக்கத்தில் ஜெசிமா நின்றுகொண்டிருந்தாள். மேலப்பாளையத்துப் பெண், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் செவிலியர். அவள்தான் படத்தைத் திறந்தவள்.

அவளிடம், "நீங்க காலைல செஞ்சத அப்படியே இன்னொருக்கா செய்ங்க சிஸ்டர்" என்றேன்.

ஷார்ட்கட்டைத் தட்டினாள். ஃபோல்டர் திறந்தது. நோயாளி எண்ணைப் போட்டாள். படம் வந்தது. எண் சரி, பெயர் சரி. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் தேதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. படத்தை மூடிவிட்டு ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸைத் திறந்தேன். டார்கெட் வரியில் பழைய சர்வரின் பெயர் இருந்தது. அதற்கடுத்து ஃபோல்டரின் பெயர், கடைசியில் 'ஓல்டு'. நாங்கள் ஞாயிறு மாலை வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் இந்தக் கணினியைத் தொடவே இல்லை.

அதை யோசிக்க அது நேரமில்லை. பழைய ஷார்ட்கட்டின் பெயரை மட்டும் மாற்றி ஓரமாக நகர்த்தினேன். புதிய சர்வருக்குப் புதிதாக ஒன்று செய்தேன். திறந்ததும் தொலைபேசியில் சார் அங்கிருந்து வாசித்தார்; டாக்டர் இங்கே திரையில் பார்த்து ஒவ்வொன்றாகத் தலையசைத்தார். நோயாளி எண். பெயர். ஊர். வயது. படம் எடுத்த தேதி, முந்தைய நாள்; அந்தப் படம் புதிய சர்வரில் மட்டும்தான் இருந்தது. வலது கிட்னி, கல்.

"சரி, தொடங்கலாம்" என்றார் டாக்டர். நான் வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் விஷயம் முடியவில்லை. மறுநாள் நிர்வாக அதிகாரி என்னையும் சாரையும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு காரணம் கிடைத்தால் அதோடு முடித்துவிட நினைப்பவர். அரங்கின் பழைய ஷார்ட்கட் கடைசியாக மாற்றப்பட்ட நேரம் செவ்வாய்க்கிழமை காலை என்று காட்டியது. அந்த நேரத்தில் ஜெசிமாவின் பெயரில்தான் கணினி திறந்திருந்தது.

"நேரம் இருக்கு, பேரு இருக்கு. அந்தப் பொண்ணு எதையோ மாத்தியிருக்கு. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது, அதோட நிப்பாட்டிக்கலாம்" என்றார்.

ஜெசிமாவும் அங்கேதான் நின்றாள். "நான் மாத்தல சார். திறந்தேன், அவ்ளோதான். அல்லா மேல ஆணையா திறக்க மட்டுந்தான் செஞ்சேன்" என்றாள். குரல் உயரவில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

செல்லத்துரை சார் அப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். "பேரு மாத்துனது நாங்க. படம் ரெண்டு எடத்துல கெடக்க விட்டதும் நாங்க. அந்தப் பிள்ளைக்கு முன்னாடி எங்கள எழுதுங்க. அதுக்கும் முன்னாடி எனக்கு ஒரு நாள் குடுங்க" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பேரு மாறுன ஃபோல்டர ஷார்ட்கட் தானே தேடிப் போகுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. செய்து பார்த்தோம். பழைய சர்வரில் காலியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கினேன். என் கணினியில் அதற்கு ஒரு ஷார்ட்கட். பிறகு ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ஷார்ட்கட்டைத் தட்டினேன்.

திறக்கவில்லை. காணவில்லை என்று செய்தி வந்தது.

இரண்டாம் முறையும் அதேதான். சார் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்படியானால் அந்தப் பெண் பொய் சொல்கிறாளா? நுனியை இறுக்கிய அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. அதிகாரியிடம் போய், நாங்கள் சோதித்தோம், ஷார்ட்கட் தானாகப் போகாது என்று சொன்னால் அவள் கதை அங்கேயே முடிந்துவிடும்.

திரும்பி வந்த சார், "நீ இந்த ஃபோல்டர எந்த டிஸ்குல போட்ட?" என்று கேட்டார்.

அந்தச் சர்வரில் இரண்டு டிஸ்க் இருந்தன. படங்கள் இருந்தது ஒன்றில். நான் இடம் காலியாக இருந்த மற்றொன்றில் போட்டிருந்தேன். பார்த்தால், அந்த இரண்டாவது டிஸ்க் பழைய முறையில் ஃபார்மட் செய்யப்பட்டது. படங்கள் இருந்தது புதிய முறை. கையேட்டை எடுத்து வைத்து இருவரும் வாசித்தோம். புதிய முறை டிஸ்கில் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஓர் அடையாள எண் வைத்துக்கொள்ள முடியும். ஷார்ட்கட் முகவரியோடு அந்த எண்ணையும் குறித்துக்கொள்கிறது. பெயர் மாறி, முகவரியில் ஆளைக் காணவில்லை என்றால், எண்ணை வைத்துத் தேடுகிறது. கிடைத்துவிட்டால் யாரையும் கேட்காமல் தன்னுள் இருக்கும் முகவரியையும் திருத்தி எழுதிக்கொள்கிறது. பழைய முறை டிஸ்கில் அந்த எண்ணே கிடையாது.

படங்கள் இருந்த டிஸ்கில் காலி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி மறுபடியும் செய்தேன். பெயரை மாற்றினேன். தட்டினேன். திறந்தது. பிராப்பர்டீஸ் போய்ப் பார்த்தால், டார்கெட் வரியில் புதுப் பெயர் எழுதியிருந்தது. நான் எழுதவில்லை. சார் முதல் முறையாக என் தோளுக்கு மேல் குனிந்து திரையைத் தொட்டுப் பார்த்தார், விரலால், அந்த வரியை மட்டும்.

மறுநாள் நிர்வாக அதிகாரியை அரங்கின் கணினிக்கே அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் கோமதிநாயகமும் வந்தார். பழைய சர்வரில் இருந்த அந்தக் காலி ஃபோல்டருக்கு அதிகாரியையே ஒரு ஷார்ட்கட் செய்யச் சொன்னோம். சர்வர் அறையில் இருந்தபடி சார் ஃபோல்டரின் பெயரை மாற்றினார். "இப்ப தட்டுங்க சார்" என்றேன். தட்டினார். திறந்தது. டார்கெட் வரியைத் திறந்து காட்டினேன். அதை இரண்டு முறை வாசித்தார். மாற்றப்பட்ட நேரமும் அந்த நிமிடத்தையே காட்டியது, அவருடைய பெயரில் திறந்திருந்த கணினியில்.

"நான் ஒண்ணும் மாத்தலையே" என்றார் அவர்.

திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு அவரே, "சரி. அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றார். அன்று மாலையே சொன்னார். ஒப்பந்தமும் நீடித்தது.

ஜெசிமா என்னைத் தேடி எங்கள் அறைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு வேறொரு கவலை.

"அக்கா, நான் தட்டுனதாலதான அது மாறிச்சு? எனக்கே தெரியாம என் கையால மாறியிருக்கு. இனிமே எத நம்பித் திறக்க? படம் வரலன்னா ஒங்களக் கூப்பிடலாம். தப்பான படம் ஒழுங்கா வந்து நிக்கே."

சோதனை முடிந்ததுமே பழைய சர்வரை அணைத்துவிட்டோம், இனி வராது என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள், ஆனால் போகவில்லை. "இந்த எடத்துல இல்லன்னா வேற எடத்துல வரும்லா. படத்துல தேதி இருக்கே. அது பொடிசா இருக்கு, யாரும் பாக்கதில்ல. டாக்டர் கைய வைக்குததுக்கு முன்னால நானே சத்தமா வாசிச்சா என்ன?"

டாக்டர் அதை உடனே ஏற்றுக்கொண்டார். பெயர், எந்தப் பக்கம், படத்தின் தேதி மூன்றையும் செவிலியர் உரக்க வாசிக்க வேண்டும். டாக்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி. சில மாதங்களில் எல்லா அரங்குகளிலும் அதுவே நடைமுறையானது.

சூசை வீட்டுக்குப் போவதற்கு முன், நடந்ததை அவரிடமும் அவர் மனைவி அருளம்மாளிடமும் டாக்டரே உட்கார்ந்து சொன்னார். சொல்ல வேண்டாம் என்று அதிகாரி கேட்டுக்கொண்டும் சொன்னார். கேள்வி கேட்டால் விளக்க நானும் கூட இருந்தேன். சூசை வலது விலாவைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள்தான் டாக்டரைப் பார்த்து, "சந்தேகம் வந்ததும் நிப்பாட்டிட்டியளா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். "அப்பச் சரி. சொன்னியளே, அதுவும் நல்லது" என்றார். கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மாத்திரைகளை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்.

செல்லத்துரை சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்று, மகனோடு திருச்செந்தூர்ப் பக்கம் போய்விட்டார். ஜெசிமா பிறகு நிரந்தரமாகி, சில வருடம் கழித்துக் கணவரோடு வளைகுடாவுக்குப் போனாள். கேண்டீனில் கதை சொன்னவர் அவளைப் பார்த்தே இருக்கமாட்டார்.

போன ஐப்பசியில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், அதே மருத்துவமனையில். கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக மருந்து போட்டிருந்ததால் காது நன்றாகக் கேட்டது. முகத்தில் துணி போட்டபின், எனக்கு யாரென்றே தெரியாத ஓர் இளம் செவிலியர் தெளிவாக வாசித்தாள். என் பெயர். வலது கண். அதன்பின், உள்ளே வைக்கும் லென்ஸுக்குக் கண்ணில் அளவு எடுத்த தேதி. டாக்டர் திருப்பிச் சொன்னார்.

"தேதி சரிதான்" என்றேன் துணிக்கு அடியிலிருந்து.

"பேசாம படுங்கம்மா, அசையக் கூடாது" என்றாள் அந்தப் பெண். நான் அசையவில்லை.